கிட்டுக்கு முன்பணம் கட்டும் முன் கிளப்புக்குப் போங்கள்

கேள்வி: டாலஸ் அருகே மென்பொருள் வேலையில் இருக்கிறேன், எச்1பி விசா. பக்கத்து ஊர் விமான நிலையத்தில், சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறவர்களின் இ.ஏ.ஏ. கிளப் சனிக்கிழமைகளில் கூடுகிறது. எனக்கும் ஓர் ஆர்வி விமானத்தின் கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கி கராஜில் கட்ட வேண்டும் என்று ஆசை. பைலட் லைசன்ஸ் இன்னும் எடுக்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது? 12 வயது மகளையும் கிளப்புக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், மகளோடு. ஆனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கிளப், அடுத்து லைசன்ஸ், கடைசியில்தான் கிட். உங்கள் விஷயத்தில் இதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஒருவர் தன் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய, அந்நாட்டுக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்1பி போதாது. கராஜில் கட்டுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். கட்டி முடித்த விமானத்துக்கு உங்கள் பெயரில் பதிவு எண் கிடைக்காது, எண் இல்லாமல் அது பறக்கவும் முடியாது. அமெரிக்கக் குடிமகன் ஒருவரை அறங்காவலராக வைத்து, டிரஸ்ட் பெயரில் பதிவு செய்யும் வழி உண்டு. விமானச் சட்டம் தெரிந்த வக்கீல் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும். எனவே யார் பெயரில் பதிவு என்பது முடிவாகாமல் கிட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

லைசன்ஸுக்கு இந்தத் தடை இல்லை. குடிமகன் அல்லாதவர்கள் பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.எஸ்.ஏ.விடம் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். பிரைவேட் பைலட் லைசன்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வேலைக்கும் போய்க்கொண்டு கற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடத்தான் ஆகிறது.

இனி கிளப். உங்கள் கிளப்பின் தாய்ச் சங்கமான இ.ஏ.ஏ.வை 1953-ல் மில்வாக்கியில் தொடங்கியவர் பால் போபரெஸ்னி. ஆண்டுதோறும் ஜூலையில் ஓஷ்கோஷில் நடக்கும் அதன் விமான விழாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்னைக் கேட்டால், அந்த விழாவைவிட உங்கள் ஊர்க் கிளப்பின் ஹேங்கர் எனும் விமானக் கொட்டகைதான் உங்களுக்குப் பயன்படும். அங்கே யாராவது ஒருவர் கட்டாயம் பாதி முடிந்த இறக்கையோடு நின்றுகொண்டிருப்பார். "ரிவெட் அடிக்க ஆள் வேண்டுமா?" என்று கேளுங்கள். ரிவெட் என்பது தகடுகளை இணைக்கும் உலோக ஆணி. அதை அடிக்கப் பல இடங்களில் இரண்டு பேர் தேவை: ஒருவர் வெளியிலிருந்து ரிவெட் கன்னைப் பிடிப்பார், மற்றவர் உட்புறம் கைவிட்டு பக்கிங் பார் எனும் இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார்.

அடித்து முடித்த ரிவெட்டைக் கூர்ந்து பாருங்கள். உட்புறம் நசுங்கிய தலையின் அகலம் ரிவெட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு இருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பார் சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். அதற்காக உடனே துளைத்து எடுக்கவும் கூடாது. எடுக்கும்போது துளை பெரிதாகிவிட்டால் சற்றுக் கோணலான ரிவெட்டைவிட அது மோசம். எதை விடலாம், எதை எடுக்க வேண்டும் என்பதைப் பழகிய கண்தான் சொல்லும். அந்தக் கண்ணுக்காகத்தான் கிளப்புக்குப் போகச் சொல்கிறேன். இ.ஏ.ஏ.வின் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் வீட்டுக்கே வந்து வேலையைப் பார்ப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். அவர்கள் அரசின் இன்ஸ்பெக்டர்கள் அல்ல, கையெழுத்துப் போட்டு அனுமதி தர முடியாது. ஆனால் தகட்டை மூடிவிட்ட பிறகு யாராலும் பார்க்க முடியாத தவறை, மூடும் முன்பே பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டு இருக்கை ஆர்வி-7 மாதிரியான கிட்டுக்கு 1,500 முதல் 2,000 மணி நேர வேலை என்பது கட்டியவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று, நான்கு ஆண்டுகள். வால் பகுதி கிட்டை மட்டும் தனியாக வாங்கலாம். அதை முடித்துவிட்டு, கையும் குடும்பமும் ஒத்துழைக்கிறதா என்று பார்த்து அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாக முன்பணம் கட்டாதிருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆர்வி கிட்டுகளைத் தயாரிக்கும் வேன்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் சட்டத்தின் கீழ் மறுசீரமைப்புக்குப் போனது. 2024-ல் மீண்டது என்றாலும், ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் உயர்த்திய விலையை ஏற்க வேண்டி வந்தது.

வேலையில் பெரும்பகுதியை, கற்கவும் பொழுதுபோக்காகவும் செய்கிற அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. காசு கொடுத்துச் செய்வித்த வேலை அந்தக் கணக்கில் சேராது. எனவே முதல் நாளிலிருந்தே தேதி போட்டுக் குறிப்பெழுதுங்கள், வேலை செய்யும் உங்கள் முகம் தெரியப் படமும் எடுத்து வையுங்கள். கட்டியவருக்கு ரிப்பேர்மேன் சான்றிதழ் கிடைத்தால் தன் விமானத்தின் வருடாந்தரச் சோதனையைத் தானே செய்யலாம். பின்னாளில் அது பெரிய மிச்சம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. கட்டும் ஆண்டுகளில் பணமும் நேரமும் கராஜுக்கே போய்விட, பலர் பறப்பதை விட்டுவிடுகிறார்கள். பிறகு யாரும் ஓட்டிப் பார்க்காத விமானத்தில், பழக்கம் விட்ட கையோடு ஏறுகிறார்கள். சொந்தமாகக் கட்டிய விமானங்களைப் பற்றி, விபத்துகளை ஆராயும் அரசு அமைப்பான என்.டி.எஸ்.பி. 2012-ல் வெளியிட்ட ஆய்வில், விபத்துக் காரணங்களில் இன்ஜின் கோளாறும் பறக்கையில் கட்டுப்பாடு இழப்பதும் முன்னே நின்றன. பல விபத்துகள் விமானத்தின் தொடக்க மணி நேரங்களிலேயே நடந்திருந்தன. முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள், பயணி யாரும் இல்லாமல் சோதனையாகப் பறக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். மாதம் இரண்டு முறையாவது வாடகைக்குக் கிடைக்கும் செஸ்னா சிறு விமானத்தில் பறக்கும் செலவையும் கிட் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால் கிட்டைத் தள்ளிப்போடுங்கள், பறப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகளுக்கு இத்தனை காத்திருப்பு தேவையில்லை. 1992 முதல் இ.ஏ.ஏ. நடத்தும் யங் ஈகிள்ஸ் திட்டத்தில், 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை உறுப்பினர்கள் தங்கள் விமானத்தில் இலவசமாக ஏற்றிப் போகிறார்கள். பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். உங்கள் கிளப்பில் அடுத்த யங் ஈகிள்ஸ் நாள் எப்போது என்று கேட்டு, காலையின் முதல் முறையிலேயே பெயர் கொடுங்கள். டெக்சாஸ் கோடையில் வெயில் ஏற ஏறக் காற்று விமானத்தைக் குலுக்கும், முதல்முறை ஏறும் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும்.