நோட்டில் இருந்த தேதிகள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம், சொந்தமாக இரண்டு லாரி. எந்தப் பேப்பர் எப்போது முடிகிறது என்பதெல்லாம் எங்கள் கணக்குப்பிள்ளையின் நோட்டில்தான் இருந்தது. அவர் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார். ஒரு லாரி இன்சூரன்ஸ் முடிந்து நாலு நாள் ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. தானாக ஞாபகப்படுத்த சாஃப்ட்வேர் ஏதாவது வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு லாரிக்கும் ஒரு கடைக்கும் போனில் இருக்கிற கூகுள் காலண்டரே போதும். முதலில் ஒரு நடை போய் அந்த நோட்டை வாங்கி வாருங்கள், கூடவே உட்கார்ந்து பேசிவிட்டும் வாருங்கள், நோட்டில் ஏறாத பாதி அவர் தலையில்தான் இருக்கும்.

பலரும் முடிகிற தேதிக்கே அலாரம் வைக்கிறார்கள். அன்றைக்கு அடித்து என்ன பயன்? வேலையைத் தொடங்க வேண்டிய நாளுக்கு வையுங்கள். இன்சூரன்ஸுக்கு 15 நாள் முன்பு ஒன்று, 3 நாள் முன்பு ஒன்று போதும். எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, அப்படியில்லை, வண்டியைப் பட்டறையில் விட்டு பிரேக், லைட், பெயிண்ட் எல்லாம் பார்க்க வேண்டும், அதுவும் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம் வந்து மாட்டினால் ஆளைப் பிடிப்பதே பாடு, அதனால் 45 நாள் முன்பே அடிக்கட்டும். ஆனால் கூகுள் காலண்டரில் நாலு வாரத்துக்கு மேல் முன்கூட்டி அறிவிப்பு வைக்க முடியாது, எனவே அந்த 45ஆம் நாளிலேயே ‘எஃப்சி வேலை ஆரம்பி’ என்று தனியாக ஒன்று போட்டுவிடுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இல்லாமல் எஃப்சிக்குப் போனால் திரும்பி வர வேண்டியதுதான், அவை முதலில் முடியட்டும். இன்னொன்று, வண்டிக்கு 8 வயது ஆகும்வரை எஃப்சி 2 வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடாவருடம். ‘ரிப்பீட்’ பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்காதீர்கள்.

உங்கள் பெயரில் இல்லாத பேப்பர்தான் ஏமாற்றும். டிரைவரின் கனரக லைசென்ஸ் 5 வருடம்தான், புதுப்பிக்க டாக்டர் சான்றும் வேண்டும். ஏற்காட்டு லோடுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற ஆளின் லைசென்ஸ் தேதி முதலாளிக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிபடாத விஷயம். கடை எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை, அதையும் சேருங்கள்.

அறிவிப்பு உங்களுக்கு மட்டும் வந்தால் கணக்குப்பிள்ளை நோட்டு கதைதான் மறுபடியும்; வீட்டிலோ கடையிலோ இன்னொருவருக்கும் வரும்படி பகிருங்கள். ‘பணம் கட்டியாச்சு’ என்பதோடு அதை அழிக்கவும் கூடாது, புதுப் பேப்பரின் படம் கைக்கு வந்த பிறகுதான்.

அந்த லாரிக்கு இன்சூரன்ஸ் போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும், நாளைக்கே போடுங்கள். 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, போகாது.