மாத்திரை அட்டை யார் கையில்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். வயது 36. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா திடீரென்று இறந்துபோனார். அதே சமயம் குழுக் கடனும் கழுத்தை நெரித்தது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. கிணற்றுப் பக்கம் போகவே பயந்த நாட்கள் உண்டு. மனச்சோர்வு என்று டாக்டர் ஒருவர் எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒரு வருஷமாக நன்றாக இருக்கிறேன். சீசனில் மாங்கூழ் கம்பெனி வேலைக்கும் போகிறேன். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் கணவர், 'இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை? பழக்கமாகிவிடும், நிறுத்து' என்கிறார். ஆடியில் நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைசுற்றல், மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போல ஒரு வெட்டு, காரணமே இல்லாமல் அழுகை. தினமும் ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுப்பது எட்டாவது படிக்கும் என் மகள்தான். அவளே பயந்துபோய் மறுபடி கொடுத்தாள். இரண்டு நாளில் சரியானது. மாமியாரிடம் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறோம். நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நிறுத்தலாமா?

பதில்: சகோதரி, கடிதம் முழுக்க மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி ஓரிரண்டு வரிதான், அதுவும் போகிற போக்கில். என்னால் அந்த வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை.

எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன வயது இருக்கும்? பதின்மூன்று. அந்த வயதில் தினமும் ராத்திரி அட்டையைப் பிரித்து, அம்மா முழுங்கினாளா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் படுக்கிறாள். ஆடியில் நீங்கள் அழுதுகொண்டு கிடந்தபோது மறுபடி மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு எடுத்ததும் அவள்தான். நல்லவேளை, அந்த முடிவு சரியாக இருந்தது. தப்பாகியிருந்தால்? பாட்டியிடம் சத்து மாத்திரை என்று சொல்லும் பொய்யிலும் அவளுக்குப் பங்கு கொடுத்திருக்கிறீர்கள். அம்மா தாயே, அவள் உங்கள் மகளா, நர்ஸா?

பொறுப்பான பெண் என்று உள்ளுக்குள் பெருமைகூட இருக்கும். நிறையக் கடிதங்களில் இந்தப் பெருமையைப் பார்த்துவிட்டேன். அப்பா குடிப்பார், பையன்தான் கூட்டி வருவான். அம்மாவுக்கு மனசு சரியில்லை, பெண்தான் பார்த்துக்கொள்வாள். அந்தப் பிள்ளை ராத்திரி எதை நினைத்துக்கொண்டு தூங்குகிறது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. கிணறு விஷயம் அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரியாமலா தினமும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறாள்?

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பெங்களூரில் சாரத்தின் மேல் நின்று உழைக்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் போனில் 'நிறுத்து' என்று சொல்லிவிட்டார், நிறுத்தியதால் வந்த வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தது யார்? வைத்தியத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை இருக்கிறவர், டாக்டர் அறை வாசலில் காத்திருக்கவும் வேண்டும். என் கட்சி பழைய கட்சிதான். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருக்கும்போது பாரம் சின்னவள் தோளில் ஏறக் கூடாது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் மாத்திரையின் அளவை மாற்றும் வேலை எனக்கும் கிடையாது, உங்கள் கணவருக்கும் கிடையாது. தெரிந்ததைச் சொல்கிறேன், இதை வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.

நீங்கள் அடிமையாகவில்லை. அடிமை என்றால் அதற்காக மனசு ஏங்கும், அளவு கூடிக்கொண்டே போகும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு வருஷமாக அந்த மருந்தோடு இருந்து மூளை அதற்குப் பழகியிருக்கிறது. சட்டென்று பிடுங்கினால் தடுமாறுகிறது. தலைசுற்றல், கரண்ட் அடித்த மாதிரி வெட்டு, குமட்டல், விசித்திரமான கனவுகள், எரிச்சல், அழுகை எல்லாம் அதில் சேர்த்தி. பழைய நோய் திரும்புவது பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மெதுவாக வரும். தூக்கம் கெடும், எதிலும் பிடிப்பு விட்டுப்போகும். உங்களுக்கு மூன்றாம் நாளே வந்தது, மாத்திரை போட்டதும் இரண்டு நாளில் அடங்கியது. என்னைக் கேட்டால், மாத்திரையை நிறுத்தியதால் வந்தது போலத்தான் இருக்கிறது. எது என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வேண்டாம். இந்த மருந்து ஏறக்குறைய 30 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். இடையில் ஒருநாள் விட்டால் மருந்து இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். தினமும் குட்டியாக ஓர் ஆடி மாதத்தைப் பார்ப்பீர்கள். தினமும் போட்டுக்கொண்டே அளவைக் குறைப்பதுதான் முறை. 5 மில்லிகிராம் மாத்திரையும் கடையில் கிடைக்கிறது. சில வாரங்களுக்கு ஒரு படி என்று இறங்குவார்கள், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பத்திலிருந்து ஐந்துக்கு வருவது பலருக்குச் சுலபமாகவே போய்விடும். ஐந்திலிருந்து ஒன்றுமில்லாமல் போவதில்தான் சிரமம். சின்ன அளவிலேயே இந்த மருந்து மூளையில் பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் கடைசிப் படியை இன்னும் சின்னச் சின்னதாக உடைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நிறுத்த நினைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், நன்றானபிறகு குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வார்கள். நீங்கள் ஒரு வருஷம் நன்றாக இருந்திருக்கிறீர்கள். ஆனால் மாங்கூழ் சீசனில் ராத்திரி ஷிஃப்ட் ஓடும்போதோ, அம்மாவின் திதி வரும் மாதத்திலோ ஆரம்பிக்காதீர்கள். கிணற்று நினைப்பு மறுபடி தலைகாட்டினால் எந்தப் படியில் இருந்தாலும் அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மகளிடம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை இன்றைக்கு ராத்திரியே. அட்டையை மகளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். 'இது என் வேலை, இத்தனை நாள் உன்னிடம் விட்டது தப்பு, ஆடியில் எனக்கு வந்தது உன்னால் இல்லை' என்று வாய் திறந்து சொல்லுங்கள். அப்புறம் செல்போனில் அலாரம் வையுங்கள். ஒன்பது மணிக்குக் கணவர் போன் செய்து கேட்கட்டும், அவருக்கும் ஒரு பொறுப்பு வேண்டாமா?

மாமியாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாலு வார்த்தை திட்டுவார், ஊரில் யாருக்காவது சொல்லியும் விடுவார். சொல்லட்டும். அளவு குறையும் வாரங்களில் நீங்கள் எரிந்து விழுந்தாலோ அழுதாலோ, ஏன் என்று தெரிந்த பெரியவர் ஒருத்தர் அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு பெரிதாக ஆகாது. பழைய டாக்டரிடமே போவதென்றாலும் சரி. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி ஓட்டுவது மட்டும் இனி வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி வரும் கணவரைத் திங்கட்கிழமை பஸ் ஏற விடாதீர்கள். ஓ.பி. சீட்டு வாங்கி, அவரையும் உள்ளே உட்கார வையுங்கள். பழக்கமாகிவிடும் என்ற தன் பயத்தை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். ஒருநாள் கூலி போகும். போகட்டும்.