கேம் விளையாடும்போது மட்டும் டெஸ்க்டாப் கிராஷ் ஆகிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். குறைந்தபட்சம் இன்றைக்கு மாற்றாதீர்கள். பிரவுசர், வீடியோ எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, கேம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் கணினி நின்றுவிடுகிறது, விண்டோஸைப் புதிதாகப் போட்டும் பயனில்லை, எல்லோரும் கார்டைத்தான் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் கார்டைத்தான் சொல்வார்கள். பெட்டிக்குள் பெரும்பாலும் அதுதான் விலை கூடிய பாகம், பழியும் முதலில் அதன் தலையில்தான் விழும். ஆனால் ரேம், பவர் சப்ளை, ஒரு கேபிள், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் ஒரு செட்டிங் என்று எது கெட்டாலும் வெளியே தெரிவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

நீங்கள் சொல்லாமல் விட்டது, எப்படி நிற்கிறது என்பதை. சுவிட்சைத் தட்டியதுபோல் முழுக்க அணைந்து தானே மறுபடி எழுந்தால் முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல். படம் உறைந்து, ஒலி ஒரே இடத்தில் சிக்கி ரீங்காரமிட்டால் ரேம் அல்லது பிராசசர். திரை மட்டும் கறுத்து, கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் அலற, ஹெட்செட்டில் நண்பர்களின் பேச்சு இன்னும் கேட்டால் கார்டு, அல்லது கார்டுக்குப் போகும் மின் இணைப்பு. கேம் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் முகப்புத் திரை தெரிவதுதான் இருப்பதிலேயே குழப்பமானது. ரேம், பிராசசர், டிரைவர், கேமின் சொந்தப் பிழை என எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து, விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர் நிரலில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே கெர்னல்-பவர் 41 என்று ஒன்று இருக்கும். பெயரில் 'பவர்' இருப்பதால் பவர் சப்ளைதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போன முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் 41 எதையும் சொல்வதில்லை. அதைத் திறந்து டீட்டெயில்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுத நேரமே கிடைக்கவில்லை: மின்சாரம் அறுந்திருக்கும், அல்லது எல்லாமே உறைந்திருக்கும். வேறு எண் இருந்தால் அது தசம எண். விண்டோஸ் செயலிழக்கும்போது வரும் நீலத்திரையின் குறியீடுகள் ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்களில், இருப்பதால் மாற்றிப் படிக்க வேண்டும். 278 என்றால் ஹெக்ஸில் 116, கிராபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் போனது. 292 என்றால் 124, ஹார்டுவேரே பிழையை அறிவித்தது. 26 என்றால் 1ஏ, மெமரி நிர்வாகத்தில் கோளாறு, ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதே பட்டியலில் ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் டபிள்யூஎச்இஏ-லாகர் 18 இருந்தால் உள்ளே ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே ஐடி வந்தால் பிராசசருக்குள் கணக்கிடும் அலகுகளில், அதாவது கோர்களில், குறிப்பிட்ட ஒன்று தள்ளாடுகிறது. ஏஎம்டியின் ரைசன் பிராசசரில், மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை அதிகமாக மைனஸில் வைத்தவர்களுக்கு இது வழக்கமாக வரும், அதுவும் சும்மா இருக்கும்போதே. 17 என்ற எண் குவிந்து கிடந்தால் கார்டு போன்றவற்றைப் போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ தொடர்பில் பிழை. கார்டை ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிளில் நிமிர்த்தி வைத்திருந்தால் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள், அல்லது பயாஸில் ஸ்லாட்டை பிசிஐஇ-யின் குறைந்த வேகத் தலைமுறையான ஜென் 3-க்கு இறக்குங்கள்.

'டிஸ்ப்ளே 4101 வந்திருக்கிறது, அப்புறம் என்ன, கார்டுதானே' என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள். கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கும். 4101 அந்த மீட்டமைப்பின் பதிவு, அவ்வளவுதான். ரேமில் ஒரு பிட் புரண்டாலும் அது வரலாம்.

இனி வேலை. பயாஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோய், ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ செட்டிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 'நான் ஓவர்கிளாக்கே செய்யவில்லை' என்பீர்கள். எக்ஸ்எம்பி என்பதே ஓவர்கிளாக்தான், அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரேம் பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்டிருப்பது அந்த ரேம் தாங்கும் என்பதற்கு உறுதி, உங்கள் பிராசசரில் ரேமை இயக்கும் மெமரி கண்ட்ரோலர் தாங்கும் என்பதற்கு அல்ல. ரைசன் 7000 வரிசையில் நாலு ஸ்லாட்டிலும் டிடிஆர்5 ரேம் குச்சி போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3600 மட்டுமே. எக்ஸ்எம்பி இல்லாமல் கேம் நிலையாக ஓடினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வேகத்தை ஒரு படி இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அப்போதும் நின்றால் யுஎஸ்பியில் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலைப் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள், குறைந்தது 4 சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. பிழை வந்தால் குச்சிகளைத் தனித்தனியாக, பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அது ஏ2. எந்தக் குச்சியும் தனியாகப் பிழை காட்டாமல் சேர்ந்தால் மட்டும் காட்டினால் குற்றம் குச்சியில் இல்லை, வேகத்திலோ போர்டிலோ. மெம்டெஸ்டில் பிழை வரவில்லை என்பதற்காக ரேமை விடுதலை செய்துவிடவும் கூடாது. அது ஓடும்போது கார்டு சும்மா இருக்கிறது. கேமில் கார்டு கக்கும் சூடு ரேமின் மேல்தான் போகிறது. அதனால் கார்டையும் வேலை வாங்கிக்கொண்டே விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி என்ற சோதனை நிரலையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரைசன் 7000-இன் எக்ஸ் ரகங்கள் 95 டிகிரி வரையும், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை கே ரகங்கள் 100 டிகிரி வரையும் போக வடிவமைக்கப்பட்டவை. வரம்பைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சட்டென்று செத்துவிடாது. கார்டின் சராசரி வெப்பத்துக்கும் அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டுக்கும் 30 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைச் சந்தேகியுங்கள். வெப்பம், மின்னழுத்தம் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் லாக்கிங்கைப் போட்டுவிட்டு விளையாடினால், நிற்பதற்கு முந்தைய கடைசி வரி கோப்பில் இருக்கும்.

பவர் சப்ளைதான் இதில் தந்திரக்காரன். 'ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓடியது, ஆகவே பவர் சப்ளை நல்லது' என்ற வாதம் செல்லாது. கார்டைச் சோதிக்கும் அந்த நிரல் மின்சாரத்தை ஒரே சீராக இழுக்கும். கேம் அப்படியில்லை: லோடிங் முடிந்து காட்சி விரியும் நொடியில் கார்டு தன் சராசரியைப் போல் இரண்டு மடங்குகூட மிகக் குறுகிய நேரத்துக்கு இழுக்கலாம். 2022-இல் வந்த, பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதி, மொத்தத் திறனில் 200 சதவீதத்தை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். பழைய சப்ளை அந்தத் துள்ளலைக் கோளாறு என்று நினைத்துத் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நின்றால் சரி என்பது உண்மைதான், ஆனால் மைக்ரோநொடித் துள்ளல் மல்டிமீட்டரில் தெரியாது.

சோதனை இது: கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் நிரலில் அதன் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, பிரேம் வீதத்தை 60-இல் கட்டிப்போட்டு அதே கேமை ஆடுங்கள். நிற்பது ஒழிந்தால் மின்சாரப் பக்கம் போங்கள். நோய்ப்பட்ட கார்டும் இதே சோதனையில் அமைதியாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் அதற்கும் யாராவது வருவார்கள். முடிவாகச் சொல்ல, இரவல் வாங்கிய வேறு பவர் சப்ளை வேண்டும். அதை மாட்டும்போது அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் சப்ளைகளில் சப்ளைப் பக்க முனைக்குப் பொது விதி கிடையாது. பழைய கேபிளைப் புதிய சப்ளையில் செருகினால் 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி கருகலாம்.

கார்டில் இரண்டு 8-பின் மின்முனை இருந்தால் இரண்டு தனிக் கேபிள்கள் கொடுங்கள், ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டாதீர்கள். ஒரு 8-பின்னுக்கு விதிப்படி 150 வாட், ஸ்லாட்டுக்கு 75. புதிய கார்டுகளின் 12விஎச்பிடபிள்யூஆர் மின்முனை என்றால் இடைவெளி துளியும் இல்லாமல் உள்ளே போயிருக்க வேண்டும், வாயிலேயே மடியக்கூடாது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் மறுபடி ஆன் செய்யாதீர்கள்.

உங்களிடம் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை பிராசசர் இருந்தால் இதை எல்லாவற்றுக்கும் முன்பே படித்திருக்க வேண்டும். அன்ரியல் என்ஜின் என்ற மென்பொருளில் உருவான கேம்களில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பிழை வரும். கார்டில் 16 ஜிபி இருக்கும், ஆனாலும் வரும். காட்சியை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களைப் பிரித்தெடுக்கும் வேலையை பிராசசர் செய்கிறது. அது தப்பாகக் கணக்கிட்டால் பழி கார்டின் பெயரில் எழுதப்படுகிறது. அதிக மின்னழுத்தத்தால் இந்தச் சில்லுகள் தேய்வதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, 129, பிறகு 12பி என்ற மைக்ரோகோடுகளை, அதாவது பிராசசருக்கான திருத்தங்களை, வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டியது. அவை அடங்கிய பயாஸைப் புதுப்பிப்பது இனிமேல் தேய்வதைத் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது. பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் பி-கோர் பெருக்கியை 53-க்கு இறக்கிப் பாருங்கள். கேம் நிலைத்தால் கார்டு நிரபராதி, பிராசசருக்கு உத்தரவாதம் கேளுங்கள்.

மதர்போர்டு செய்கிறவர்களையும் சும்மா விடக்கூடாது. மின்வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் 4095 வாட் என்று போட்டு, அதையே 'ஆட்டோ' என்று அனுப்புகிறார்கள். பெஞ்ச்மார்க்கில் இரண்டு புள்ளி கூடுவதற்காக. அது போதாதென்று விசிறிக்கு ஒன்று, ரேமுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று வண்ண விளக்கு மென்பொருள்கள். எல்லாம் விண்டோஸின் மையமான கெர்னல் வரைக்கும் இறங்கி, எஸ்எம்பஸ் என்ற ஒரே தொடர்புப் பாதையில் அடித்துக்கொள்கின்றன. சோதனை முடியும்வரை அவை அத்தனையையும் நீக்குங்கள். விளக்கு எரியாவிட்டால் கேம் ஓடாது என்பதில்லை.

கார்டு கடைசியில். சேஃப் மோடில் டிடியு என்ற நீக்கும் நிரல் கொண்டு டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தால் நிலைக்கிறது, இயல்பு வேகத்தில் நிலைக்கவில்லை என்றால் சில்லு பலவீனம். உத்தரவாதத்துக்கு அது தகுந்த காரணம்தான். பயாஸ் திரையிலேயே வண்ணக் கட்டங்களும் கோடுகளும் வந்தால், மானிட்டரையும் அதன் கேபிளையும் மாற்றிப் பார்த்த பிறகு, விவாதமே வேண்டாம், கார்டின் மெமரி. நண்பரின் கணினியில் செருகி அதே கேமை ஓட்டுவது இது எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கால் மணியில் நிற்கும் கணினி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடிய பிறகே சரியாயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். 41-இன் பக்செக்கோட் எண், பவர் சப்ளையின் மாடல், வாட், எத்தனை ஆண்டு பழசு, ரேம் குச்சிகள் எத்தனை என்பதைக் கீழே போட்டால் அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.