தனியாவர்த்தனத்துக்கு மட்டும் கூட்டிப் போங்கள்

கர்நாடகக் கச்சேரி கேட்க தண்டையார்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் சபா வரை கூட்டிப் போயும், உங்கள் கணவர் இரண்டாவது பாட்டிலேயே போனை எடுத்துவிட்டார், அவரை எப்படிக் கேட்க வைப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே ஆள் தெருவில் கானா கேட்டால் நின்று தாளம் போடுவார் என்பதும் நீங்கள் சொன்னதுதான். அப்புறம் என்ன, இசை பிடிக்காதவர் இல்லையே! இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்காருவதுதான் அவருக்கு ஆகவில்லை.

கானாவின் டோலக் கேட்டு வளர்ந்த காதுக்கு, தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையில் சட்டென்று பிடி கிடைக்காது. தனியாவர்த்தனத்தில் கிடைக்கும். கச்சேரியின் முக்கியப் பாட்டைப் பாடி முடித்து பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, முறைகளின் அளவைக் குறைத்துக்கொண்டே போகும் குறைப்பில் நெருங்கி வந்து, சேர்ந்து முடிப்புக் கோர்வை வைப்பார்களே, அந்த இடம். (பாதிக் கூட்டம் அப்போதுதான் கேன்டீனுக்குக் கிளம்பும், அநியாயம்.) வாசல் பக்கம் ஓரச் சீட்டாகப் பார்த்து, அந்த நேரத்துக்கு மட்டும் உட்கார வையுங்கள். மதியக் கச்சேரிகள் பல இலவசம்தான். பாதியில் எழுந்தாலும் காசு போச்சே என்று இருக்காது.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மாசித் திருவிழா. நாதஸ்வரம், தவிலை நடந்துகொண்டே கேட்கலாம். 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' என்ற மக்கள் இசை விழாவுக்கும் போங்கள். அங்கே கானா மேடையேறும். அவர் உங்களுக்குச் சொல்லித் தரட்டும்.

திரும்பும் வழியில் "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். ராகம் தானம் பல்லவி மாதிரி நீளமான உருப்படியை முழுசாகக் கேட்கும் ஆசை வந்தால் தோழி யாரோடாவது போய் வாருங்கள். ராத்திரி அவர் மெட்ரோ வாசலில் வண்டியோடு வந்து நின்றால் போதும்.