பெரிய சீனியர் அப்புறம், பக்கத்து பெஞ்சு முதலில்

கேள்வி: சட்டப் படிப்பில் முதலாண்டு. குடும்பத்தில் யாரும் வக்கீல் இல்லை. பெயர் பெற்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எப்படி அணுகுவது?

பதில்: அணுகலாம், ஆனால் இப்போதே வேண்டாம். தீர்ப்பை எப்படி வாசிப்பது, சிக்கல் வினாவுக்கு (ஒரு சம்பவத்தைத் தந்து, அதற்குச் சட்டம் என்ன சொல்லும் என்று கேட்கும் வினா) விடையை எங்கே தொடங்குவது என்பதுதான் முதலாண்டில் திணறவைக்கும். அதெல்லாம் உங்களுக்கு ஓரிரு ஆண்டு முன்னால் படிப்பவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். அப்படி ஒருவரையும் உங்கள் வகுப்பிலேயே மூன்று பேரையும் முதலில் தேடுங்கள்.

நால்வர் குழு போதும். கூட்டம் பெருத்தால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். “இந்தத் தீர்ப்பு உனக்கு, அந்தத் தீர்ப்பு எனக்கு” என்று பங்கு போட்டுக்கொள்ளும் குழு தேர்வில் கவிழும். அடுத்தவர் தந்த சுருக்கத்தில் முடிவு இருக்கும், அந்த முடிவுக்கு நீதிபதி வந்து சேர்ந்த வழி இருக்காது. வினாவோ அந்த வழியைத்தான் கேட்கும்.

ஒரே தீர்ப்பை நால்வரும் தனித்தனியாகப் படித்து, அதன் ரேஷியோவை, அதாவது முடிவுக்கு அடிப்படையான சட்டக் காரணத்தை, ஒரே வாக்கியத்தில் எழுதி வாருங்கள். டோனஹியூ – ஸ்டீவன்சன் (1932) வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சி பானப் புட்டியில் நத்தை இருந்ததாகத் தொடுக்கப்பட்ட அந்த வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3–2 எனப் பிரிந்தது. “உற்பத்தியாளர், இடையில் யாரும் சோதிக்க வாய்ப்பில்லாத பொருளில், நுகர்வோரிடம் கவனக் கடமை (தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் சட்டப் பொறுப்பு) உடையவர்” என்று ஒருவர் எழுதுவார். “நம் செயலால் பாதிக்கப்படக்கூடிய எவரிடமும் கடமை உண்டு” என்று இன்னொருவர் எழுதுவார். எது சரி என்று வாதிடுங்கள். பிறகு வழக்கின் உண்மைகளை, அதாவது நடந்த விவரங்களை, மாற்றிப் பாருங்கள். புட்டி ஒளி ஊடுருவாத கண்ணாடியாக இல்லாமல் தெளிந்த கண்ணாடியாக இருந்திருந்தால்? கடைக்காரர் அதைத் திறந்து சோதித்திருந்தால்? எந்த உண்மையை மாற்றினால் முடிவும் மாறுகிறதோ, அது ரேஷியோவைச் சேர்ந்தது. தனியே உட்கார்ந்து இதைச் செய்வது கடினம், உங்கள் வாக்கியத்தை மறுக்க எதிரே ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த வாரம் பழைய வினாத்தாளிலிருந்து ஒரு சிக்கல் வினா. முப்பது நிமிடம் எழுதித் தாளை மாற்றிக்கொள்ளுங்கள். வினாவில் தரப்பட்ட ஒவ்வொரு உண்மையும் விடையில் எங்கே பயன்பட்டிருக்கிறது என்று அடிக்கோடிட்டுத் தேடுங்கள். விதியை எழுதியதும் முடிவுக்குத் தாவுவது முதலாண்டின் தீராத நோய். விதியை உண்மைகளோடு பொருத்திக் காட்டும் நடுப்பகுதியில்தான் மதிப்பெண் போகிறது. மதிப்பெண் உண்டென்று தரப்பட்ட ஒப்படைப்பை மட்டும் இப்படி மாற்றிப் படிக்காதீர்கள், அது காப்பி ஆகிவிடும். மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி) மெமோரியலை, அதாவது எழுத்து வாதத்தை, மேல் வகுப்புச் சீனியரிடம் காட்டுமுன், வெளியுதவி பற்றிப் போட்டி விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

சீனியர் தரும் நோட்ஸை வாங்குங்கள், நம்பி மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் சட்டம் திருத்தப்பட்டிருக்கலாம், தீர்ப்பு மேல்முறையீட்டில் கவிழ்ந்திருக்கலாம். ஒவ்வொன்றும் இன்றும் நிற்கிறதா என்று சரிபார்ப்பது உங்கள் வேலை.

வழக்கறிஞரிடம் இதற்குப் பிறகு போங்கள். “எனக்கு வழிகாட்டுங்கள்” என்று எழுதினால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. நீங்கள் யார், எந்த ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும், இதுவரை என்ன முயன்றீர்கள் என்று ஐந்தாறு வரி எழுதிப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, விளைவைச் சில வாரத்தில் தெரிவியுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை, உறவு அங்கேயே அறுந்துபோகிறது. அவர் அலுவலகத்தில் கேட்ட கட்சிக்காரர் (வழக்குக்காக அவரிடம் வருபவர்) விவரம் எதுவும் உங்கள் குழுவுக்கு வரக் கூடாது, பெயரை மறைத்தும் கூடாது. வேறு யாரிடமும் யோசனை கேட்காதே என்பவரும், பணம் கேட்பவரும், வேலை நேரத்துக்கு வெளியே தனியாக வரச் சொல்பவரும் வழிகாட்டி அல்லர், விலகிவிடுங்கள்.

குழுவில் ஒருவர் வகுப்புக்கு வருவதை நிறுத்தினால், நோட்ஸ் அனுப்புவதோடு நிற்காமல் நேரில் போய்க் கேளுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அப்போதே கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூடவே அழைத்துப் போங்கள்.