பெக்கோவில் சக்ஷன் ஹோஸ் கசிந்தால் கிளிப்பை இறுக்கினால் போதுமா?

செங்கலடிப் பக்கம் வாய்க்கால் வெட்டும் பெக்கோவில், ஹைட்ரோலிக் ஒயில் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் சக்ஷன் ஹோஸ் கசிகிறது, கிளிப்பை இறுக்கினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடற்காற்றில் துருப்பிடித்த கிளிப் மட்டும் என்றால் அதை மாற்றினால் போதும். ரப்பர் விறைத்து வெடிப்பு விட்டிருந்தால் ஹோஸையே மாற்றுங்கள். வெளியே சொட்டும் ஒயிலைவிட உள்ளே இழுபடும் காற்றுதான் ஆபத்து: ஒயில் நுரைக்கும், பம்ப் இரையும், கடைசியில் பம்பே போய்விடும்.

பக்கெட்டை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஒயில் ஆறிய பின் டேங்கைச் சுத்தமான பரலில் வடியுங்கள். வடிக்க மறந்து ஹோஸைக் கழற்றினால் அவ்வளவும் மண்ணுக்குத்தான்.

பலர் பிழை விடுவது ஹோஸ் வாங்கும்போது. தண்ணீர் ஹோஸ் வேண்டாம். சாதாரண பிரஷர் ஹோஸும் வேண்டாம், உறிஞ்சும்போது சப்பளிந்துவிடும். உள்ளே சுருள் கம்பி வைத்த, ஒயிலுக்கான ஆர்4 வகை கேளுங்கள். உள்விட்டம் பழையதைவிடக் குறையவே கூடாது. வெட்டிய ரப்பர்த் தூளை நன்றாகத் துடைத்து, போல்ட் வைத்த கிளிப்பால் பூட்டுங்கள்.

ஒயில் நிரப்பி, பம்பிலும் ஒயில் ஏறிய பிறகு, சில நிமிடம் ஐடிலில் ஓடட்டும். நுரை அடங்கியதும் மட்டத்தை மறுபடி பாருங்கள்.