பழைய படங்கள் திருப்பித் தந்த ‘மிஸ்ஸா லூபா’

கேள்வி: பழைய படம் பார்க்கும்போது காதில் விழுந்து, பிறகு உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட இசை ஏதாவது உண்டா?

உண்டு. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டு ‘மிஸ்ஸா லூபா’. கத்தோலிக்கப் பூசையின் லத்தீன் பாடல்களை அந்த ஊர் மெட்டிலும் தாளத்திலும் பாடி 1958இல் பதிவு செய்த இசைத்தட்டு.

எனக்கு இது இரண்டாவது அறிமுகம். சின்ன வயதில் எங்கள் பங்குச் சாமியாரிடம் இதன் கேசட் இருந்தது. ‘ஆப்பிரிக்கா பூசைப் பாட்டு’ என்று சொல்லிப் போடுவார். அப்புறம் மறந்தே போனது. வேலைக்குப் போன பிறகு ஒருநாள் இத்தாலிய இயக்குநர் பசோலினியின் ‘மத்தேயு நற்செய்தி’ படம் (1964) பார்க்க உட்கார்ந்தேன். பெயர்கள் ஓடும்போதே அந்த முரசும் சிறுவர்களின் குரலும் வந்துவிட்டன. தமிழ்ப் பூசையில் ‘உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை’ என்று பாடுவோமே, அந்த குளோரியா. படத்தின் இசையில் ஐரோப்பிய மேதைகளான பாக் வருகிறார், மோட்சார்ட் வருகிறார். அவர்களுக்குச் சமமாக காங்கோ சிறுவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் இயேசுவின் கல்லறைக் கல் விழுந்ததும் அதே குளோரியா வெடித்துக்கொண்டு கிளம்பும். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு மார்க்சியர் எடுத்த உயிர்ப்புக் காட்சி அது. நான் பார்த்த எந்தப் பக்திப் படத்திலும் அந்த வேகம் இல்லை.

அடுத்தது பிரிட்டிஷ் இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சனின் ‘இஃப்’ (1968). இங்கிலாந்தின் ஒரு விடுதிப் பள்ளி, பிரம்படி, சீனியர்களின் அதிகாரம், கட்டாயக் கோயில் வழிபாடு. மால்கம் மெக்டவல் நடித்த மிக் என்ற மாணவன் தன் அறையில் திரும்பத் திரும்ப ஒரே தட்டைத்தான் போடுகிறான்: இதே இசையின் சாங்டுஸ், அதாவது ‘தூயவர் தூயவர்’. பிறகு ஊருக்கு வெளியே ஒரு காபிக் கடையில் ஜூக்பாக்ஸிலும் அதையே போடுவான். பள்ளிக்கோயிலில் எல்லோரும் விறைத்து நின்று பாடும் கீர்த்தனைகள் அவனைத் தொடவே இல்லை. பூசைப் பாடல் ஒன்றுதான் அவனுக்குக் கலகப் பாட்டு. இந்த முரணை ஆண்டர்சன் வசனத்தில் விளக்காமல் விட்டதுதான் அழகு. படம் வந்த பிறகு, 1969இல், அந்த சாங்டுஸ் தனித்தட்டாகப் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலிலேயே இடம்பிடித்தது.

சரி, பாடியது யார்? காங்கோவின் கட்டங்கா பகுதியில் உள்ள காமினா என்ற ஊரின் பள்ளிச் சிறுவர்களும் ஆசிரியர்களும். கீடோ ஹாசன் என்ற பெல்ஜியப் பிரான்சிஸ்கன் துறவி 1953இல் அங்கே வந்து, பிறகு இந்தப் பாடகர் குழுவை அமைத்தார். இசைக்குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு பாடியதில்லை. குழுவாகப் பாடிப் பாடியே உருவானது. சாங்டுஸின் அடியில் இருப்பது அந்தப் பகுதியின் லூபா மக்களின் விடைபெறும் பாட்டு. வேறு சில பகுதிகள் ‘கசாலா’ வகை. செத்தவரின் பெருமையைச் சொல்லி அழும் நம் ஒப்பாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். குழுவுக்கு வைத்த பெயரே ‘பௌதுவான் அரசரின் பாடகர்கள்’. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் காலனி. அடிமை நாட்டுப் பிள்ளைகளுக்கு, ஆள்கிற பெல்ஜிய அரசரின் பெயர். 1958இல் ஐரோப்பாவின் சில நாடுகளைச் சுற்றி, பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியிலும் பாடினார்கள். அதே கண்காட்சியில் வேலிக்குள் ஒரு ‘காங்கோ கிராமம்’ வைத்து, அங்கே உட்காரவைத்த மனிதர்கள்மீது பார்வையாளர்கள் வாழைப்பழம் வீசினார்கள். பொறுக்க முடியாமல் அந்தக் ‘கிராமத்து’ மனிதர்கள் ஊர் திரும்பினார்கள். ஒரு பக்கம் கைதட்டல், இன்னொரு பக்கம் இது. இரண்டே வருடத்தில், 1960 ஜூன் 30 அன்று, காங்கோ விடுதலை அடைந்தது.

இரண்டு இயக்குநர்களும் இந்த இசையைக் காப்பாற்றினார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படம் வழியாக மட்டும் கேட்டால் ‘ஆதி’, ‘கட்டற்றது’ என்ற எண்ணமே மனசில் தங்கும். காமினா ரயில் சந்திப்புள்ள ஊர். இவர்கள் லத்தீனை மனப்பாடமாகப் பாடிய பள்ளிப் பிள்ளைகள். காட்டின் குரல் ஒன்றும் இல்லை.

கேட்பதாக இருந்தால் சாங்டுஸில் தொடங்குங்கள், இரண்டு நிமிடம்கூட வராது. மெதுவாக ஒற்றைக் குரல் ஏறும், கீழே சிறுவர்கள் சேர்வார்கள், ‘ஓசன்னா’ வந்ததும் தாளம் மாறி ஆட்டத்துக்கு இழுக்கும். பிறகு கிரேதோ, அதாவது விசுவாச அறிக்கை: இயேசு சிலுவையில் அறையப்படும் இடத்தில், ஊரில் சாவு சொல்லும் முரசு ஒலிக்கும். கென்யாவின் முவுங்கானோ குழு பின்னாளில் பாடிய பதிவும் இருக்கிறது, ஒலி துல்லியம். எனக்கென்னவோ அந்தப் பழைய தட்டின் சிறுவர் குரல்தான் பிடிக்கிறது.